எல்லாவற்றுக்கும் "இஸன்ட் இட்?" சொல்லும் வகுப்புக்கு கொஸ்டின் டேக் எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கொஸ்டின் டேக் (வாக்கியத்தின் கடைசியில் "இல்லையா?", "தானே?" போல ஒட்டும் குட்டிக் கேள்வி) விதிகளை அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தால் தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். பேசச் சொன்னால் எல்லா வாக்கியத்துக்கும் "இஸன்ட் இட்?" தான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அட்டவணையில் பிழை எதுவும் இருக்காது. சொல்லித் தரும் வரிசையில்தான் சிக்கல். டேக் போடச் சொல்லித் தருகிறோம். யாராவது டேக் போட்டுக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று சொல்லித் தருவதே இல்லை. என் யோசனை: முதல் சில வகுப்புகளில் மாணவர்கள் டேக் போடவே வேண்டாம். நீங்கள் போட்டுக் கேளுங்கள், அவர்கள் பதில் மட்டும் சொல்லட்டும். அது படிந்ததும் குரலின் ஏற்ற இறக்கம். அப்புறம்தான் டேக் அமைப்பது. விதிவிலக்குகளைத் தேர்வுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பதிலுக்கு ஏன் முதலிடம்? தமிழ் பேசுகிறவர்கள் நிஜமாக மாட்டிக்கொள்வது அங்கேதான். டேக்கைத் தப்பாகப் போட்டாலும் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். "யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?" என்றால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். பதிலைத் தப்பாகச் சொன்னால் அர்த்தமே தலைகீழாகப் போய்விடும்.

ஒருவர் "சாப்பிடலைதானே?" என்று கேட்கிறார். நாம் சாப்பிடவில்லை. "ஆமா, சாப்பிடலை" என்கிறோம். அவர் நினைத்தது சரி என்று ஒத்துக்கொள்கிற "ஆமா" அது. ஆங்கிலத்தில் "யூ ஹாவன்ட் ஈட்டன், ஹாவ் யூ?" என்று கேட்டால் அதே நிலையில் "நோ, ஐ ஹாவன்ட்" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் நினைத்தது சரியா தப்பா என்பது ஆங்கிலத்துக்குக் கணக்கில்லை. பதிலில் வரும் வினை உடன்பாடா எதிர்மறையா, அவ்வளவுதான் பார்க்கும். உடன்பாடு என்றால் "யெஸ்", எதிர்மறை என்றால் "நோ". "யெஸ், ஐ ஹாவன்ட்" என்ற சேர்க்கைக்கு இடமில்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை என்று மாணவர்களுக்கு உறைக்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை. நர்ஸ் கேட்கிறார்: "யூ ஆர் நாட் அலர்ஜிக் டு பெனிசிலின், ஆர் யூ?" பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிரச்சினை உங்களுக்கு இல்லைதானே என்பது கேள்வி. நம் ஆளுக்கு அந்தப் பிரச்சினை இருக்கிறது. தமிழ் மனசு "இல்லையில்லை, எனக்கு உண்டு" என்று பதில் கட்டுகிறது. வாய் முதலில் "நோ" என்கிறது. அவசரத்தில் நர்ஸ் அந்த "நோ"வோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? கால் சென்டரிலும் இதே கதைதான்: "யூ டோன்ட் வான்ட் டு கேன்சல், டூ யூ?" என்பதற்கு ரத்து செய்ய விரும்பாத வாடிக்கையாளர் "யெஸ்" சொல்லி வைத்தால் குழப்பம் தொடங்கிவிடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளிமையானது. கரும்பலகையில் மூன்று கேள்விகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். "ஆர் யூ டயர்ட்?" அடுத்து "யூ ஆர் டயர்ட், ஆர்ன்ட் யூ?" அடுத்து "யூ ஆர் நாட் டயர்ட், ஆர் யூ?" களைப்பாக இருக்கும் பையனை எழுப்பி மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: "யெஸ், ஐ ஆம்." களைப்பில்லாத பையனுக்கும் மூன்றுக்கும் ஒரே பதில்: "நோ, ஐயம் நாட்." கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பதில் மாறாது என்று பார்த்ததும் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெளிந்துவிடும். டேக்கைக் காதில் வாங்காதே, உண்மை என்ன என்று மட்டும் யோசி என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் வெறும் "யெஸ்", "நோ"வோடு நிறுத்த விடாதீர்கள். "யெஸ், ஐ டூ", "நோ, ஷி இஸன்ட்" என்று வினையோடு முடிக்கப் பழக்குங்கள். முதல் சொல் வாய் தவறிப் போனாலும் பின்னால் வரும் வினை காப்பாற்றிவிடும்.

தனியாகப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை. தினமும் வருகைப் பதிவு எடுக்கிறீர்களே, அதுவே போதும். "குமார் இஸன்ட் ஹியர் டுடே, இஸ் ஹி?" என்று கேளுங்கள். குமார் வரவில்லை என்றால் வகுப்பு "நோ, ஹி இஸன்ட்" என்று சொல்ல வேண்டும். பின்பெஞ்சில் குமார் உட்கார்ந்திருந்தால் "யெஸ், ஹி இஸ்!" என்று கத்துவார்கள், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "இட்ஸ் தர்ஸ்டே, இஸன்ட் இட்?", "வி ஹாவ் பி.டி. டுடே, டோன்ட் வி?", "யூ டிடன்ட் டூ த ஹோம்வொர்க், டிட் யூ?" என்று அன்றாடம் கேட்கக் கேட்கக் காதில் டேக்குகள் தாமாகவே ஏறிவிடும். அட்டவணையில் படித்ததை இங்கே கேட்டுப் பழகுகிறார்கள். பின்னால் அமைக்கச் சொல்லும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

அடுத்து ஏற்ற இறக்கம். நம் பாடப்புத்தக வழக்கத்தில் இதற்கு இரண்டு வரிகூட ஒதுக்குவதில்லை. தேர்வில் எழுத முடியாத விஷயம் என்பதால் விட்டுவிடுகிறோம். ஆனால் டேக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கடைசியில் குரல் ஏறினால் கேட்பவருக்கு நிஜமாகவே தெரியாது, பதில் வேண்டும். குரல் இறங்கினால் அவருக்குத் தெரியும், "நீயும் ஒத்துக்கொள்" என்கிறார். "யூ லாக்ட் த டோர், டிடன்ட் யூ?" என்று ஏறினால் பூட்டினோமா இல்லையா என்ற பயம். இறங்கினால் "நீதானே பூட்டினாய், எனக்குத் தெரியும்" என்ற உறுதி.

இதைப் புரியவைக்க ஆங்கிலத்துக்குப் போகவே வேண்டாம். "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?" என்று ஒரு பெண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள். "ஆமா, தாங்கல" என்பார்கள். அடுத்து "கேஸை அணைச்சிட்டு வந்தீங்கல்ல?" என்று சொல்லச் சொல்லுங்கள். அதே "ல்ல" தான், குரல் மட்டும் மேலே போகும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் "நல்லா இருக்கு, என்ன?" என்று சொல்வதிலும் இந்த இரண்டு விதமும் உண்டு. குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. அதைச் சுட்டிக்காட்டிவிட்டு ஆங்கில டேக்குகளைச் சொற்கள் இல்லாமல் "ம்ம்-ம்ம்?" என்று மூக்கால் முணுமுணுக்கச் சொல்லுங்கள். ஏறுவதற்குக் கையை மேலே, இறங்குவதற்குக் கீழே. ஒன்பதாம் வகுப்பு என்றால் வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேள்விக்குறி இருந்தால் குரல் ஏற வேண்டும் என்று நம் மாணவர்கள் எல்லா டேக்கையும் ஏற்றிச் சொல்வார்கள். வானிலை பற்றி, ஆட்டம் பற்றி, சாப்பாடு பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் இறங்கத்தான் வேண்டும். "இட்ஸ் ஹாட், இஸன்ட் இட்?" என்று ஏற்றிச் சொன்னால், வெயிலில் நின்றுகொண்டே சூடாக இருக்கிறதா என்று சந்தேகம் கேட்கிற மாதிரி இருக்கும்.

இறங்கும் டேக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கிலாந்து, அமெரிக்க நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் "யூ வேர் தேர் தட் நைட், வேர்ன்ட் யூ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். அது கேள்வி இல்லை, நெருக்கடி. டேக் போடுவது தன்னம்பிக்கை இல்லாதவர் பேச்சு என்று சில ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சியாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெண்கள்தான் அதிகம் டேக் போடுகிறார்கள், அது தயக்கத்தின் அடையாளம் என்று மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1970-களில் எழுதினார். பெட்டி லூ டுபாய்ஸ், இசபெல் கிரவுச் இருவரும் 1975-ல் ஒரு சிறிய கல்விக் கூட்டத்தின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது அங்கே டேக் போட்டவர்கள் ஆண்களாகவே இருந்தார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்காமல் டேக்கை எண்ணி மட்டும் ஒருவர் தயங்குகிறாரா மிரட்டுகிறாரா என்று சொல்ல முடியாது.

ஏறும் டேக்கிலும் ரொம்பப் பயன்படுகிற ஒன்று இருக்கிறது. நான் பார்த்த வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. எதிர்மறை வாக்கியம், உடன்பாட்டு டேக், ஏறும் குரல். "யூ ஹாவன்ட் காட் சேஞ்ச், ஹாவ் யூ?" நாம் கடையில் "ஐந்நூறுக்குச் சில்லறை இருக்காதுல்ல?" என்று கேட்கிறோமே, அதேதான். இல்லை என்று சொல்ல வழிவிட்டு உதவி கேட்கிற நாகரிகம். "யூ குடன்ட் லெண்ட் மீ அ பென், குட் யூ?" என்று கேட்கத் தெரிந்தால், "கிவ் மீ யுவர் பென்" என்று கேட்கும் மாணவனைவிட அவன் எவ்வளவோ மேல்.

சரி, இப்போது டேக் அமைப்பதற்கு வரலாம். அதற்கு முன்னால் "இஸன்ட் இட்" பற்றி ஒரு வார்த்தை. அதைச் சொன்னதற்காகக் குழந்தையைத் திட்டாதீர்கள். தமிழில் "இல்லையா", "தானே" எதுவும் ஆள், காலம், எண் பார்த்து மாறுவதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் "நெஸ் பா" மாறாது, ஜெர்மன்காரர்களின் "நிஷ்ட் வார்" மாறாது. லண்டன் தெருவிலேயே "இன்னிட்" என்ற ஒன்றை எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டுகிறார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் புதிதாக ஒரு டேக் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடுதான் விசித்திரமானது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள குழந்தைகளுக்கே அது சீக்கிரம் வராது. ரோஜர் பிரவுன், கமில் ஹான்லன் இருவரும் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் முதலில் "ஹ?", "ரைட்?" என்று ஒட்டிப் பேசிவிட்டு, எதிர்மறையும் கேள்வியும் சுருக்கமும் தனித்தனியாகக் கைவந்த பிறகே முழு டேக்குக்கு வருவதைக் காட்டினார்கள்.

அதனால் ஆரம்ப நிலை மாணவர் பேச்சில் "ரைட்?" என்று முடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். "யூ ஆர் ஃப்ரம் மதுரை, ரைட்?" என்பது நல்ல ஆங்கிலம்தான், அமெரிக்கர்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். குன்னல் டொட்டி, செபாஸ்டியன் ஹாஃப்மன் இருவரும் 2006-ல் செய்த ஒப்பீட்டில், அன்றாடப் பேச்சில் பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கர்களைப்போல ஒன்பது மடங்கு டேக் போடுவதாகக் கணக்கு வந்தது. தாய்மொழிக்காரர்களில் பாதிப் பேர் அரிதாகப் பயன்படுத்துவதை நம் பிள்ளைகள் பேச்சில் சரளமாகப் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் மட்டும் "ரைட்" எழுதக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

டேக் அமைக்க ஒரு முன்நிபந்தனை உண்டு: சாதாரணக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "டஸ் ஹி வொர்க் ஹியர்?" என்று கேட்க வராத மாணவனுக்கு "ஹி வொர்க்ஸ் ஹியர், டஸன்ட் ஹி?" வரவே வராது. டேக் தப்பாக வந்தால் டேக்கைத் திரும்பத் திரும்ப நடத்தாதீர்கள். ஓர் அடி பின்னால் போய் "டூ, டஸ், டிட்" கேள்விகளைப் பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் "இஸ், ஆர், வாஸ், வேர்". துணைவினை கண்ணெதிரே இருப்பதால் திருப்பிப் போட்டால் போதும். அடுத்து "கேன், வில், ஹாவ், ஹாஸ்". இதில் "வில்" மட்டும் "வோன்ட்" என்று முகம் மாறும், அதைக் காதால் பழக்குங்கள். கடைசியாகத்தான் துணைவினை ஒளிந்திருக்கும் வாக்கியங்கள். "ஷி சிங்ஸ் வெல்" என்பதில் ஒளிந்திருக்கும் "டஸ்"ஸை வெளியே எடுக்க வேண்டும். "கவிதா சிங்ஸ் வெல், டஸன்ட் கவிதா?" என்று பெயரையே திரும்ப எழுதுவார்கள், "ஷி" என்று மாற்றப் பழக்குங்கள். "இஸ் நாட் ஹி?" என்று சுருக்காமல் எழுதுவதும் சகஜம். சுருக்கினால் "இஸன்ட் ஹி", விரித்தால் "இஸ் ஹி நாட்". நடுவில் வேறு வடிவம் கிடையாது. விரித்த வடிவம் இன்றைய பேச்சில் மேடைப் பேச்சு போல ஒலிக்கும்.

பயிற்சிக்கு வாக்கியப் பட்டியல் கொடுப்பதைவிட பக்கத்து இருக்கைக்காரரைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதட்டும்: நன்றாகத் தெரிந்தது மூன்று, சந்தேகம் உள்ளது இரண்டு. தெரிந்ததை இறக்கியும் சந்தேகத்தை ஏற்றியும் சொல்ல வேண்டும். "யுவர் ஃபாதர் டிரைவ்ஸ் அ பஸ், டஸன்ட் ஹி?" "யூ டோன்ட் லைக் பாகற்காய், டூ யூ?" மற்றவர் முழுப் பதில் சொல்ல வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பிலும் இது நடக்கும், சத்தம்தான் கொஞ்சம் அதிகம். ஒருவரைப் பற்றி நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கும்போது "ஹி"யா "ஷி"யா, "டஸ்"ஸா "டிட்"டா என்ற கவனம் தானாக வரும்.

இனி தேர்வுக்காரர்களின் பிடித்தமான பொறிகள். இவற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை, ஆனால் மதிப்பெண் அங்கே இருக்கிறது. "ஹி'ஸ்" என்பது "ஹி இஸ்" ஆகவும் இருக்கலாம், "ஹி ஹாஸ்" ஆகவும் இருக்கலாம். "ஹி'ஸ் கான்" என்றால் பொதுவாக "ஹாஸன்ட் ஹி", "ஹி'ஸ் கோயிங்" என்றால் "இஸன்ட் ஹி". அடுத்த வினையைப் பார்த்து முடிவு செய்யணும். "ஹி'ட் பெட்டர்" என்றால் "ஹாடன்ட்", "ஹி'ட் லைக்" என்றால் "வுடன்ட்". "ஷி புட் த பாக்ஸ் ஹியர்" என்பதில் "புட்" மேல் "ஸ்" இல்லை, ஆகவே இறந்தகாலம், "டிடன்ட் ஷி". நல்ல மாணவர்களே இதில் வழுக்குவார்கள். "நெவர், ஹார்ட்லி, செல்டம், நோபடி" எல்லாம் உள்ளுக்குள் எதிர்மறை, டேக் உடன்பாடாக வரும். "ஃபியூ" எதிர்மறை, "அ ஃபியூ" உடன்பாடு. "லிட்டில்", "அ லிட்டில்" இரண்டுக்கும் அதே கதை. "எவ்ரிபடி, சம்படி, நோபடி" மூன்றுக்கும் "தே". "எவ்ரிதிங், நத்திங்" இரண்டுக்கும் "இட்". "ஐ திங்க் ஹி இஸ் ரைட்" என்றால் டேக் உள்வாக்கியத்தைப் பார்க்கும்: "இஸன்ட் ஹி". "ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்" என்றால் "வில் ஹி".

"ஐ ஆம்" என்பதற்கு "ஆர்ன்ட் ஐ" ஏன் என்று கேட்கிற குழந்தை ஒன்று வகுப்புக்கு நிச்சயம் உண்டு. "ஆம்ன்ட் ஐ" என்று ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இன்றும் சொல்கிறார்கள். பொது ஆங்கிலத்தில் அது நிலைக்கவில்லை, "ஆர்ன்ட் ஐ" அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கேட்ட குழந்தையைப் பாராட்டிவிட்டு அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். "லெட்'ஸ்" வந்தால் "ஷல் வி" என்பதும் அப்படியே.

ஏவல் வாக்கியங்களில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். "க்ளோஸ் த டோர், வில் யூ?" என்பதை மரியாதையான வேண்டுகோள் என்று சில கையேடுகள் எழுதுகின்றன. குரல் இறங்கினால் அது எரிச்சல். "கதவைச் சாத்தித் தொலையேன்" என்கிற அளவுக்குப் போகலாம். தேர்வில் எழுதட்டும், தலைமையாசிரியரிடமோ மேலதிகாரியிடமோ சொல்ல வேண்டாம், "குட் யூ க்ளோஸ் த டோர், ப்ளீஸ்?" போதும் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். அதேபோல "ஸோ யூ'வ் ஃபினிஷ்ட், ஹாவ் யூ?" என்று இரண்டு பக்கமும் உடன்பாடாக வருவதும் உண்டு. "ஓஹோ, முடிச்சாச்சா?" என்கிற தொனி: ஊகம், சில சமயம் கிண்டல், சில சமயம் சந்தேகம். படங்களில், உரையாடல்களில் கேட்டால் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு முறை காட்டுங்கள். அமைக்கச் சொல்லாதீர்கள். "மே" வரும் வாக்கியத்துக்கு டேக் கேட்டு உங்கள் பள்ளி வினாத்தாள் வந்தால் "மேன்ட்" எழுதச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இன்றைய பேச்சில் அதைக் கேட்பதே அபூர்வம், அதற்காக ஒரு வகுப்பைச் செலவழிக்க வேண்டாம்.